ஆறு பேர் வாரியமும் ஏழு கன்னியரும்

உத்திரமேரூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பேருந்தை விட்டு இறங்கியதும் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குத்தான் வழி கேட்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், அங்கே சபா மண்டபத்தில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க வருகிறவர்கள் அவர்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். வருகிறவர்கள் சுவரோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "அந்தக் காலத்திலேயே ஓட்டு போட்டிருக்கான் பாருய்யா" என்று சொல்லிவிட்டுக் காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போய்விடுகிறார்கள். ஏரிக்கரைக்கு வருகிறவர் அபூர்வம். இந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சுவரில் ஏரிக்கும் இடம் இருக்கிறது என்பதை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஓட்டு என்பதும் சரியில்லை. அது சீட்டுக் குலுக்கல். ஊரில் முப்பது குடும்புகள், இன்றைய பேச்சில் வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஊர் கூடியிருக்க, விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது! இப்படி வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் ஆண்டு வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், மிச்சம் ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். குற்றம் கண்டால் நடுவிலேயே இறக்கிவிடுவார்கள். முன்பு வாரியம் பார்த்துக் கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் போக முடியாது. அவன் மட்டுமா? அவன் சிற்றப்பன் மகன், பெரியம்மா மகன், மாமன், மைத்துனன் என்று உறவுமுறை முழுவதையும் அடுக்கி எல்லோரையும் விலக்குகிறது கல்வெட்டு. வகுப்பில் இந்த இடம் வந்தால் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டிலேயே பழைய தலைவர்களும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு.

அந்த ஆறு பேர் பார்த்துக்கொண்ட ஏரிக்குப் பல்லவர் காலக் கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என்று பெயர். செய்யாற்றுத் தண்ணீர் அனுமந்தண்டலம் அணையில் திரும்பிக் கால்வாய் வழியே இங்கே வருகிறது. ஆறு வற்றினால் ஏரி வற்றும். ஆறு பொங்கினால் ஏரிக்கரை பேசத் தொடங்கும் என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள். வறட்சி, வெள்ளம் இரண்டும் இந்த மண்ணின் பழைய சொந்தக்காரர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் வாழக் கற்றுக்கொண்டவர்கள் ஏரியை வெட்டினார்கள், அதன் கரையில் சாமியையும் வைத்தார்கள்.

சாமி என்றால் பெருமாளோ சிவனோ இல்லை. அவர்கள் ஊருக்குள் கல்தளி கட்டிக்கொண்டு வசதியாக இருக்கிறார்கள். கரையில் இருப்பது கன்னியம்மாள். பெரும்பாலும் ஏழு கல், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பமரத்தடியில் வரிசையாக நட்டிருக்கும். மதகுக்குப் பக்கத்திலோ கலங்கலுக்குப் பக்கத்திலோ, கரை பலவீனமான இடத்தில்தான் பல ஊர்களில் அவளைக் காண்கிறேன். எந்த ஊரில் கேட்டாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். கரை நிற்காமல் உடைந்து உடைந்து போயிற்று, ஒரு கன்னிப் பெண்ணைப் பலி கொடுத்தார்கள், பிறகு நின்றது, அவளே தெய்வமானாள். ஜப்பானிலும் அணைக்கும் கோட்டைக்கும் பாலத்துக்கும் மனிதரைத் தூணாகப் புதைத்த கதைகள் உண்டு என்று பின்னாளில் படித்தேன். உண்மையில் நடந்ததா என்பது வேறு விஷயம். கரை உடையும் பயம் இரண்டு நாட்டிலும் ஒரே கதையைத்தான் பெற்றிருக்கிறது.

1985 நவம்பரில் அப்போதைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்க மழை கொட்டியது. நான் கல்யாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம், அங்கே ஒரு சிற்றேரி. ராத்திரி தமுக்கு அடித்தார்கள். கரையில் ஓரிடத்தில் ஊற்றுக் கண் விட்டிருந்தது. அந்தக் கண் வழியாகக் கலங்கிய தண்ணீர் வந்தால் கரைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம், தெளிந்த தண்ணீர் வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அன்று வந்தது செம்மண் தண்ணீர். என் மாமியார் முதலில் சேவலைப் பிடித்துக்கொண்டு ஓடியது கன்னியம்மாளிடம். கற்பூரம் நனைந்து ஏற்றவே வரவில்லை. முந்தானையால் மறைத்துக்கொண்டு எப்படியோ ஏற்றினார். காரியம் முடிந்ததும் அதே வேகத்தில் திரும்பி, மண் நிரப்பிய சாக்குக்குத் தலையைக் கொடுத்தார்.

படித்த திமிர் எனக்கு. "சாமி காப்பாத்தும்னா மூட்டை எதுக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"சாமி வந்து மூட்டை தூக்குமா? ஏம்மா, இன்னாத்த படிச்ச நீ? புடி அந்தப் பக்கம்."

பனந்துண்டு, வைக்கோல், சாக்கு, களிமண் என்று விடிய விடியப் போட்டு அடைத்தார்கள். கரை நின்றது. யாரால் நின்றது என்ற கேள்வியே ஊரில் எழவில்லை. கன்னியம்மாளுக்கு ஆடு வெட்டினார்கள். நீர்க்கட்டிக்கு நெல் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் வரலாறு சொன்னவள் ஆக மாட்டேன். அந்த ராத்திரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உடைப்பை அடைத்தவர்களில் பாதிக்கு மேல் சேரிக்காரர்கள். நீர்க்கட்டி வேலையும் பரம்பரையாக அவர்கள் வீட்டு வேலை. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்ப்பது, மழை ராத்திரியில் கரையில் காவல் கிடப்பது எல்லாம் அவர்கள் பாடு. வெள்ளம் வடிந்த பின் கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர்கள் வேறு. 921 கல்வெட்டும் இதில் விலக்கில்லை. ஏரி வாரியத்துக்கு வர வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். நிலமுள்ள பிராமணர்களின் சபை அது. மண் சுமந்தவன் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. மண் சுமந்தவளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரகடம் பக்கம் ஜப்பான்காரர் நடத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பயிற்சிக்கு என்று அவனை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து என்னைப் பார்க்க வந்தபோது வாய் ஓயவில்லை. நிலநடுக்க ஒத்திகை, சைரன், ஒவ்வொரு வீட்டிலும் தயாராக இருக்கும் அவசரப் பை. கடைசியில் ஒரு முத்தாய்ப்பு வைத்தான். "டீச்சர், நம்மாளுங்க எதுக்கெடுத்தாலும் சாமி குத்தம்பாங்க. அங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல. அதான் முன்னேறிட்டாங்க."

இந்தப் பேச்சைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை. அவனை உட்கார வைத்து மறுபடி பாடம் எடுத்தேன்.

ஜப்பானில் பூமிக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் இருக்கிறது, அது துள்ளினால் நிலம் நடுங்கும், காஷிமா கோயில் தெய்வம் ஒரு கல்லால் அதன் தலையை அழுத்திக்கொண்டிருக்கிறது என்பது பழைய நம்பிக்கை. 1855இல் எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, நிலநடுக்கத்தில் சிதைந்தது. சில வாரங்களுக்குள் கெளுத்தி மீன் படங்கள் அச்சடித்து விற்றார்கள். தெய்வம் ஊரில் இல்லாத மாதமாகப் பார்த்து மீன் வாலை ஆட்டிவிட்டதாம். சில படங்களில் ஜனங்கள் மீனைப் போட்டு அடிக்கிறார்கள். சிலவற்றில் தச்சர்களும் கொத்தர்களும் மீனுக்கு நன்றி சொல்கிறார்கள், வீடு இடிந்தால்தானே அவர்களுக்கு வேலை! பணக்காரன் வாயிலிருந்து பொற்காசுகள் கொட்டுகிற படமும் உண்டு. பயமும் பக்தியும் கேலியும் ஒரே தாளில்.

1923 செப்டம்பர் 1இல் கான்டோ நிலநடுக்கம். லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். ஆடம்பரத்தில் மூழ்கிய தேசத்துக்கு வானம் கொடுத்த தண்டனை என்று பேசினார் ஷிபுசாவா எய்இச்சி. அவர் பூசாரி இல்லை, வங்கிகளையும் கம்பெனிகளையும் நிறுவிய பெரும் தொழிலதிபர். எழுத்தாளர் அகுதாகவா அதை ஏற்க மறுத்து எழுதினார். அதே நாட்களில் கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களைத் தெருவில் கொன்றார்கள். 2011 மார்ச் 11இல் சுனாமி வந்த சில நாளில் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோவும் இது வானத்தின் தண்டனை என்றார். கண்டனம் கிளம்பி மறுநாளே மன்னிப்புக் கேட்டார். சாமி குத்தம் அங்கேயும் உண்டு தம்பி, வேட்டிக்குப் பதில் கோட்டு போட்டுக்கொண்டு பேசும் என்றேன்.

நம் பக்கம் இதற்கு இணையான சம்பவம் நடந்தது திருநெல்வேலியில். 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் நிலநடுக்கம். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். தாகூர் கொதித்துப்போனார். இயற்கையின் அழிவுக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும், பகுத்தறிவில்லாத பேச்சு நாட்டைக் கெடுக்கும் என்று எழுதினார். காந்தி தாகூரின் கடிதத்தைப் பிப்ரவரியில் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டு, பதிலும் எழுதினார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அறிவியல் தாகூர் பக்கம். சந்தேகமே இல்லை. ஆனாலும் காந்தி சொன்னதில் ஒரு திருப்பம் இருக்கிறது. சாமி குத்தம் என்ற பழி எப்போதும் கீழே இருப்பவன் தலையில்தான் விழும். அதைத் தூக்கி மேல்சாதி வாசலில் போட்டவர் அவர்.

கீழே இருப்பவர் தலையில் விழும் என்றேனே, அதற்கு எங்கள் கிராமங்களே சாட்சி. மழை பொய்த்தால் கொடும்பாவி இழுப்பார்கள். ஊரின் பாவமெல்லாம் ஓர் உருவமாகி, வைக்கோலும் கந்தலுமாகத் தெருத்தெருவாக இழுபடும். பின்னால் ஒப்பாரி. கடைசியில் சுடுகாட்டில் கொள்ளி. பல ஊர்களில் அந்த உருவத்துக்குச் சேலைதான் கட்டியிருக்கும். ஊரில் மழையைத் தடுத்த மகாபாவி பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது யார் முடிவு செய்ததோ.

பெண்கள் செய்கிற சடங்கு வேறு மாதிரி. என் மாமியார் தம் பிறந்த ஊரில் மழைச்சோறு எடுத்ததைச் சொல்வார். வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறும் கூழும் வாங்கி ஒன்றாகக் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிடுவார்கள். இனி இந்த ஊரில் பிழைப்பில்லை, பரதேசம் போகிறோம் என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் சொல்லி அழைத்துப் போக வேண்டும். இதைப் பிரார்த்தனை என்று நான் சொல்ல மாட்டேன். வேலைநிறுத்தம். தெய்வத்தையும் பெரியவர்களையும் ஒரே நேரத்தில் மிரட்டுகிற காரியம். பஞ்சத்தில் முதலில் பட்டினி கிடப்பது யார் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்து வழக்கம் இன்னொன்று, மழை வேண்டிக் கூத்து வைப்பது. விராட பருவம், அர்ச்சுனன் தபசு. பாண்டவர் ஒளிந்திருந்த நாட்டில் மழை தவறாது என்பது நம்பிக்கை. திரௌபதியம்மன் கோயில் முன்னால் விடிய விடியக் கூத்து நடந்து, விடியற்காலையில் நாலு தூறல் விழுந்துவிட்டால் வாத்தியாருக்கு மரியாதை கூடிவிடும். அரசாங்கமும் இதில் பின்தங்கவில்லை. 2019 கோடையில் சென்னை குடங்களோடு தெருவில் நின்றபோது, கோயில்களில் வருண ஜபம் செய்யவும் மழை ராகங்கள் வாசிக்கவும் அறநிலையத்துறை சுற்றறிக்கை அனுப்பியது. அந்த ஆண்டுதான் காஞ்சியில் அத்திவரதர் 48 நாள் வெளியே இருந்தார். மழைக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்தேன். ஏரியில் தூர் எடுத்தார்களா என்று கேட்டவர்களைத் தேட வேண்டியிருந்தது.

பழைய காலத்துக் கோயில் பஞ்சத்தில் ஜபத்தோடு நின்றதில்லை. கோயில் அப்போது ஊரின் கருவூலம். தஞ்சைப் பக்கம் ஆலங்குடியில் 1054இல் காலம் பொய்த்தபோது, சாப்பாட்டுக்கும் விதைக்கும் நெல் வாங்க வழியில்லாமல் ஊர்ச்சபை கோயிலில் கடன் கேட்டது. சாமியின் நகையும் பாத்திரமுமாக 1,011 கழஞ்சு பொன், 464 பலம் வெள்ளி வந்தது. சாமி கழுத்திலிருந்து இறங்கிய பொன் விதைநெல்லாக வயலுக்குப் போயிருக்கிறது. இதைச் சொல்லும்போதே அடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். 1201இல் திருப்பாம்புரத்தில், காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறியபோது, ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். காப்பாற்றியதும் கோயில், வாங்கிக்கொண்டதும் கோயில். வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பின் அருமை இந்தப் பின்னணியில்தான் முழுதாகப் புரியும். அங்கே சோற்றுக்கு ஈடாக யாரும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் வெள்ளமும் தெய்வமும் சேர்ந்த பெரிய கதை மதுராந்தகத்துடையது. ஏரி காத்த ராமர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர் கலெக்டர் லயனல் பிளேஸ், 1794 முதல் 1798 வரை இங்கே அதிகாரம் செய்தவர். மதுராந்தகம் ஏரி மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. தாயாருக்குச் சன்னதி கட்ட உதவி கேட்டவர்களிடம், உங்கள் சாமி ஏரியைக் காப்பாற்றட்டும், கட்டித் தருகிறேன் என்றாராம். பெருமழை ராத்திரியில் கரைக்குப் போனவர் கண்ணுக்கு வில்லும் கையுமாக இரண்டு பேர் காவல் நிற்பது தெரிந்தது. கரை உடையவில்லை. ஜனகவல்லித் தாயார் சன்னதியில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது.

இந்தக் கதையை எங்கள் வீட்டிலும் பக்தியோடு சொல்வார்கள், நானும் கேட்டு வளர்ந்தவள். ஆனால் சொல்கிறவர்கள் ஒரு துண்டை விட்டுவிடுகிறார்கள். பிளேஸ் அந்த ஏரியின் கரையையும் கலங்கலையும் பழுதுபார்க்கப் பணமும் ஆளும் போட்டவர். 1780இல் ஹைதர் அலி படையெடுப்புக்குப் பின் செங்கல்பட்டுச் சீமையில் ஏரிகள் பாழாகிக் கிடந்தன. ஏரி நிரம்பாவிட்டால் கம்பெனிக்கு வரி வராது, அதனால் ஏரிகளைச் சீர்செய்வதில் அவருக்கு அக்கறை இருந்தது. ராமர் நின்றது புதிதாக மண் போட்டுக் கெட்டித்த கரையின்மேல்.

கம்பெனி வருவதற்கு முன் இந்தச் சீமையில் ஏரிக்கு என்று தனிப் பங்கு இருந்தது. விளைச்சலைப் பிரிக்கும் களத்திலேயே கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, நீர்க்கட்டிக்கு என்று அளந்து வைப்பதுபோல ஏரி மராமத்துக்கும் அளந்து வைப்பார்கள். 1767 முதல் 1774 வரை கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு எடுத்த கணக்கில் சுமார் இரண்டாயிரம் கிராமங்களின் இந்தப் பங்குகள் பதிவாகியிருக்கின்றன. பிறகு பங்கெல்லாம் வரியாகத் திரண்டு கஜானாவுக்குப் போயிற்று. ஏரி அரசாங்கத்துடையது ஆயிற்று. கரையில் உழைக்கும் கடமை மட்டும் ஊர்க்காரர்களிடமே இருக்க வேண்டும் என்று 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். நெல்லை எடுத்துக்கொண்டு மண்வெட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டைத் தின்றது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார் ஆங்கிலேய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். பசியோடு பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டினார்கள். 2017 மார்ச்சில் இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டம் தொடங்கியது. பெயரில் குடி இருந்தது. பல இடங்களில் மராமத்தைப் பொக்லைன் வைத்திருந்தவர் பார்த்துக்கொண்டார்.

என் மாணவனுக்கு இந்தக் கதையெல்லாம் சொன்ன பிறகு அவன் கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினான். இவாத்தே மாநிலத்தில் அனெயோஷி என்ற கடலோரக் குக்கிராமம். 1896 சுனாமியிலும் 1933 சுனாமியிலும் ஊரே அழிந்து விரல் விட்டு எண்ணும்படி ஆட்கள் மிஞ்சிய இடம். மிஞ்சியவர்கள் மேட்டில் ஒரு கல் நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று எழுதிவைத்தார்கள். 2011இல் அலை அந்தக் கல்லுக்குச் சுமார் நூறு மீட்டர் கீழேயே நின்றது. மேலே இருந்த வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே இப்படி நூற்றுக்கணக்கான கற்கள் உண்டு, எல்லா ஊரும் கல் சொன்னதைக் கேட்டதில்லை. கேளாத ஊர்களையும் சேர்த்துத்தான் அன்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நம்மிடம் கல்லுக்கா பஞ்சம்? மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமி மணலை அரித்த பிறகு கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டு, தோண்டிப் பார்த்ததில் சங்க காலச் செங்கல் அடித்தளத்தோடு முருகன் கோயில் கிடைத்தது. பழைய கடல்கோளில் அழிந்திருக்க வேண்டும் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். அதன்மேல் மறுபடி கோயில் கட்டியிருக்கிறார்கள். தானம் கொடுத்த பொன்னுக்குக் கல்வெட்டு இருக்கிறது, கடல் வந்ததற்கு இல்லை.

ஆனால் அனெயோஷியைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது வாகயாமா மாநிலத்து ஹிரோ கிராமம். 1854 டிசம்பரில் நிலம் நடுங்கி, சுனாமி வந்தது. சோயா சாறு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஹாமாகுச்சி கோர்யோ, இருட்டில் தடுமாறியவர்களுக்கு மேட்டுக்கு வழி தெரிய வேண்டும் என்று நெற்போர்களுக்குத் தீ வைத்தார். பள்ளிப் புத்தகங்களில் இடம்பிடித்தது அந்தத் தீதான். அவர் அடுத்துச் செய்த காரியம்தான் பெரியது. வீடும் படகும் இழந்தவர்கள் ஊரைவிட்டுப் போகத் தொடங்கியபோது, தம் கைப்பணத்தில் கூலி கொடுத்து அவர்களையே வைத்து நான்கு ஆண்டில் சுமார் 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரத்துக்குக் கரை எழுப்பினார். 1946இல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரைக்குப் பின்னால் இருந்த பகுதி தப்பியது. ஊர்க்காரர்கள் அவரைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டக் கிளம்ப, வேண்டாம் என்று தடுத்துவிட்டார். 1903 முதல் அங்கே ஆண்டுதோறும் சுனாமித் திருவிழா நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் மண் கொண்டுவந்து கரையில் போடுகிறார்கள். செத்தவர்களுக்கு வழிபாடும் அன்றே நடக்கிறது.

என் மாமியாருக்கு அந்தத் திருவிழா ஒரு நிமிடத்தில் புரிந்திருக்கும். சேவலும் சாக்குமூட்டையும் அவருக்கு ஒரே ராத்திரியின் வேலைகள். அவர் தலைமுறை போன பிறகு எங்கள் ஊரில் சேவல் மட்டும் நிலைத்துவிட்டது. கன்னியம்மாளுக்கு இப்போது டைல்ஸ் ஒட்டிய மேடை, தகரக் கூரை, ஆடி மாதம் ஒலிபெருக்கி. கலங்கலுக்குப் போகும் வழியில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சாமி நம்பிக்கையால் நாம் பின்தங்கினோம் என்று என் மாணவன் சொன்னதை நான் ஒப்பவில்லை. ஜப்பான்காரன் அளவுக்கு நாமும் நம்புகிறோம், நம் அளவுக்கு அவனும் உளறியிருக்கிறான். கரையை ஊர் வேலையாக அவர்கள் விடாமல் வைத்திருந்தார்கள், நாம் ஆபீஸ் வேலையாக விட்டுவிட்டோம். 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரில் பாலாறு வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலத்தை அடித்துப்போனபோதும் எங்கள் பக்கத்தில் பலர் செய்தது, மணல் மூட்டைகளோடு அதிகாரிகள் வரும் வரை கரையில் நின்று வீடியோ எடுத்தது.

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22, உலக தண்ணீர் நாள், அதில் ஒன்று. மழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கிற நாள். அன்று உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். கலங்கல் எந்த நிலையில் இருக்கிறது, மதகு ஷட்டர் ஏறி இறங்குகிறதா, வரத்துக் கால்வாயை யார் அடைத்திருக்கிறார்கள், போன முறை தூர் வாரிய கணக்கு எங்கே என்று கேளுங்கள். மண் சுமக்கிறவர்களும் பெண்களும் முன்வரிசையில் இருக்கட்டும். கணக்குக் காட்டாதவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். 921இல் அப்படிப்பட்டவரை விலக்கும் விதியைக் கல்லிலேயே எழுதினார்கள்.